அமெரிக்கா அடியில் சொட்டுகிறதா? கண்டத்தின் வேரைப் பார்க்கும் வித்தை

2025 வசந்த காலத்தில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. வட அமெரிக்கா அடியில் உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறதாம். கூடவே சிவப்பும் நீலமுமாக ஒரு படம். எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு பெரியம்மா, "நம்ம பையன் சிகாகோலதானே இருக்கான்?" என்று கேட்டேவிட்டார்.

செய்திக்குப் பின்னால் நிஜமான ஆய்வு ஒன்று இருந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்தது. ஆனால் அதில் "உருகி" என்ற பேச்சே கிடையாது. அந்தப் படமும் புகைப்படம் கிடையாது. நிறங்கள் என்ன சொல்கின்றன என்பதையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். பெரியம்மாவுக்கு நான் குரூப்பில் எழுதிய பதில் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தேங்காயைத் தட்டுவது போல

கடையில் தேங்காய் வாங்கும்போது உடைத்தா பார்க்கிறோம்? விரலால் சுண்டுகிறோம், காதருகே வைத்து ஆட்டுகிறோம். உள்ளே முற்றலா, தண்ணீர் இருக்கிறதா என்று சத்தமே சொல்லிவிடுகிறது. குயவர் பானையைத் தட்டி விரிசலைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்குதான்.

பூமியை உடைத்துப் பார்க்க வழியில்லை. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. சோவியத் காலத்தில் பல வருடம் துளைத்து, 1989-இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இந்தத் துளை தேங்காய் நாரில் ஊசி குத்திய கதை.

அதனால் தட்டித்தான் கேட்க வேண்டும். தட்டும் வேலையை நிலநடுக்கங்கள் செய்கின்றன. ஜப்பானில் பூமி குலுங்கினால் அந்த அதிர்வு பூமிக்குள்ளாகவே பயணம் செய்து, சுமார் 13 நிமிடத்தில் சிகாகோவுக்கு அடியிலிருந்து மேலே வந்து சேரும். அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

முதலில் அடுக்குகளைப் பிரித்துக்கொள்வோம்

நாம் நிற்கும் தரையிலிருந்து தொடங்கினால், முதலில் மேலோடு. கண்டங்களுக்கு அடியில் சுமார் 30 முதல் 50 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே மேன்டில். கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகும் பாறை அடுக்கு. அதற்கும் கீழே இரும்பாலான உட்கரு.

"மேன்டில் என்றால் எரிமலைக் குழம்புக் கடல்" என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படங்களில் அதை ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கிற மாதிரி வரைந்துவிட்டதால் வந்த வினை. மேன்டில் கெட்டிப் பாறை. குழம்பு என்பது மிகச் சில இடங்களில், மிகச் சிறிய அளவில் மட்டும் உண்டு.

மேலோடும், அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மேன்டிலின் குளிர்ந்த மேல்பகுதியும் சேர்ந்ததைப் பாறைக்கோளம் என்கிறோம். கண்டத்தட்டு என்று சொல்வது இதைத்தான். இது விறைப்பானது, வளையாமல் ஒரே துண்டாக நகரும். அதன் கீழே இருக்கும் மேன்டில் சூடு அதிகமானது. அதுவும் கெட்டிதான், ஆனால் லட்சக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால் மெல்ல மெல்ல வழிந்து நகரக்கூடியது.

கெட்டியாக இருக்கும் ஒன்று எப்படி வழியும்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தொடங்கிய ஒரு சோதனை இருக்கிறது. தார் போன்ற கறுப்புக் கீலை ஒரு புனலில் ஊற்றி வைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி சிதறும் பொருள் அது. 1930-இல் புனலின் மூக்கை வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து 2014 வரை விழுந்தது மொத்தம் ஒன்பது துளி. சட்டென்று தட்டினால் கெட்டி, காத்திருந்தால் துளி. மேன்டில் வழிவதன் உள்விவரம் வேறு, வேகமோ இன்னும் எத்தனையோ மடங்கு குறைவு. ஆனாலும் இந்த ஒப்புமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால்: கண்டம் என்பது வெறும் மேலோடு மட்டும் இல்லை, அதன் கீழே கெட்டியான வேர்ப்பகுதியும் உண்டு. அதற்கடியில் இருப்பதும் பாறைதான். அதை நேரில் பார்க்க முடியாது, நிலநடுக்க அதிர்வுகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முந்தி வரும் அலை, பிந்தி வரும் அலை

நிலநடுக்கத்திலிருந்து இரண்டு முக்கியமான அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. முதலில் வருவது பி அலை. நிற்கும் வரிசையில் கடைசி ஆள் முன்னால் இருப்பவரைத் தள்ள, அந்தத் தள்ளு முன்வரிசை வரை போகுமே, அப்படி நெருக்கித் தளர்த்திப் போகிற அலை. இரண்டாவது எஸ் அலை. கிணற்றுக் கயிற்றை உதறினால் நெளிவு ஓடுகிற மாதிரி பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போவது. இது மெதுவானது, திரவத்தில் போகவே போகாது. மேன்டில் முழுக்க எஸ் அலை தாராளமாகப் போகிறது. அது குழம்புக் கடல் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த அலைகளைப் பதிவுகளில் முதன்முதலாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஓல்டாம். 1897-ஆம் வருட அசாம் நிலநடுக்கம் அவருக்கு அதற்கான வாய்ப்பைக் கொடுத்தது. பின்னால் 1906-இல் பூமிக்கு உட்கரு உண்டு என்று அலைகளை வைத்தே அவர் வாதிட்டார்.

வேகம் எதைப் பொறுத்தது? பாறையின் விறைப்பைப் பொறுத்தது. ஏசி அறையில் வைத்த மெழுகுவத்தியை வளைத்தால் டக்கென்று ஒடியும். வெயிலில் வைத்ததை வளைத்தால் குழையும். பாறையும் அப்படித்தான். குளிர்ந்த பாறை விறைப்பு, அதில் அலை வேகமாக ஓடும். சூடான பாறை கொஞ்சம் இளகல், அதில் அலை தாமதமாகும். பாறை என்ன தாதுக்களால் ஆனது, அதில் நீர் கலந்திருக்கிறதா, கொஞ்சம் உருகியிருக்கிறதா என்பதும் வேகத்தை மாற்றும். ஆனாலும் பெரும்பங்கு வெப்பநிலைக்குத்தான்.

பஸ் எங்கே மாட்டியது?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போன பஸ் ஒரு மணி நேரம் தாமதம். எங்கே மாட்டியது? அந்த ஒரு பஸ்ஸை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வழியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதே நேரத்தில் சென்னையிலிருந்து சேலம் போன பஸ் சரியான நேரத்துக்குப் போய்விட்டது என்று தெரிகிறது. இரண்டு பஸ்ஸுக்கும் உளுந்தூர்பேட்டை வரை ஒரே சாலை. அப்படியென்றால் அதுவரை சிக்கல் இல்லை. அடுத்து, திருச்சியிலிருந்து மதுரை போன பஸ்ஸும் நேரத்துக்கு வந்துவிட்டது. சரி, நெரிசல் உளுந்தூர்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில், பெரம்பலூர் பக்கம் எங்கோ. நாம் யாரும் அங்கே போகவில்லை. ஆனாலும் இடம் தெரிந்துவிட்டது.

நில அதிர்வு டோமோகிராஃபி என்பது இதுதான். ஒரு பொருளை வெட்டாமல், அதை ஊடுருவிப் போகும் அலைகளை வைத்து உள்ளே இருப்பதன் வெட்டுமுகத்தை வரையும் முறைக்கு டோமோகிராஃபி என்று பெயர். ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிரை வைத்துச் செய்வதை இது நிலநடுக்க அலையை வைத்துச் செய்கிறது. 1970-களில் கெய்தி அகி, ஆதாம் ஜெவோன்ஸ்கி போன்றவர்கள் இதைத் தொடங்கினார்கள்.

பஸ்ஸுக்கு டைம் டேபிள் இருப்பது போல அலைகளுக்கும் உண்டு. ஒவ்வோர் ஆழத்திலும் பூமி எங்கும் ஒரே சீராக இருந்தால் எந்த அலை எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்ற கணக்கு அது. நிஜத்தில் வந்த நேரத்தை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது தாமதம், அல்லது முந்தல். ஜப்பானிலிருந்து வரும் 13 நிமிடப் பயணத்தில் இந்த வித்தியாசம் ஓரிரு விநாடிதான். அந்த ஓரிரு விநாடிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, எந்தப் பாதை எதோடு எங்கே குறுக்கிடுகிறது என்று பார்த்து, எங்கே வேகம் குறைவு, எங்கே அதிகம் என்று கணினி கண்டுபிடிக்கிறது.

ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு இருக்கும் ஒரு வசதி இதற்கு இல்லை. அங்கே எக்ஸ் கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழலும், எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கதிரை விடலாம். நிலநடுக்கம் நாம் கேட்கிற இடத்தில் வராது. ஜப்பான், டோங்கா, சிலி என்று அதற்கென்று சில இடங்கள். நம் கையில் இருப்பது கேட்கும் கருவிகளை எங்கே வைப்பது என்பது மட்டுமே.

ஒரு கண்டத்தைக் கடந்து நடந்த கருவிகள்

அதைத்தான் அமெரிக்கர்கள் செய்தார்கள். எர்த்ஸ்கோப் என்ற பெரிய திட்டத்தின் ஒரு பகுதி யு.எஸ்.அரே. சுமார் 400 நில அதிர்வுக் கருவிகளை ஒன்றுக்கொன்று 70 கிலோமீட்டர் இடைவெளியில் வலை போலப் பரப்பினார்கள். 2004-இல் மேற்குக் கரையில் ஆரம்பம். ஒவ்வொரு கருவியும் ஓர் இடத்தில் சுமார் இரண்டு வருடம் இருக்கும். அப்புறம் மேற்கு ஓரத்திலிருந்து பிடுங்கிக் கிழக்கு ஓரத்தில் நடுவார்கள். நாற்றங்காலிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடுவது மாதிரியே மொத்த வலையும் கிழக்கே நகர்ந்து, 2013-இல் அட்லாண்டிக் கரையை எட்டியது. பிறகு அலாஸ்காவுக்கும் போனது.

எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே அதன் எளிமைதான். பல கருவிகள் யாரோ ஒரு விவசாயியின் நிலத்தில் புதைந்திருந்தன. ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தரையில் இறக்கி, அதற்குள் கருவியை வைத்து, மேலே ஒரு சோலார் பலகை. எங்கே வைக்கலாம் என்று இடம் தேடி, நிலத்துக்காரரிடம் பேசும் வேலையில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள்.

இதற்கு முன்னால் உலகளாவிய வலை இல்லாமலில்லை. 1960-களில், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை அமெரிக்கா உலகமெங்கும் அமைத்தது. நம் கொடைக்கானலும் அதில் ஒன்று. ஆனால் அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம் தள்ளி இருந்தன. சலிக்கிற சல்லடையின் கண் அளவுக்குத்தான் உள்ளே இருப்பதும் தெரியும்.

மறுபடி சுருக்கமாக: தாமதம் எவ்வளவு என்பது ஒவ்வொரு கருவியிலும் தெரியும். குறுக்கிடும் பாதைகள் நிறைய இருந்தால் தாமதம் எங்கே நேர்ந்தது என்பதும் தெரியும். பாதைகள் பெருக வேண்டுமானால் கருவிகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

சிவப்பு என்றால் குழம்பு இல்லை

இந்தப் படங்களில் வழக்கமாகச் சிவப்பு என்றால் அலை மெதுவாகப் போன இடம், நீலம் என்றால் வேகமாகப் போன இடம். அவ்வளவுதான். அதை வெப்பநிலை என்று வாசிப்பது அடுத்த படி, அது ஓர் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம்.

வித்தியாசங்களும் சின்னவை. ஆழ்ந்த மேன்டிலில் ஒன்று, இரண்டு சதவீதம் என்பதே பெரிய விஷயம். படம் போடுகிறவர் நிற அளவுகோலை ஒரு சதவீதத்துக்கு வைத்தால் எல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரியும், ஐந்து சதவீதத்துக்கு வைத்தால் அதே படம் வெளிறிப்போகும். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த அளவுகோல் வெட்டப்பட்டுப் படம் மட்டும் வருகிறது. அளவுகோல் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பாதிப் பேர் அதன் அடியில் ஒரு குழம்பு ஏரி தளும்பிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். 2015-இல் யூட்டா பல்கலைக்கழகக் குழு அதன் அடியில் சுமார் 46,000 கன கிலோமீட்டர் அளவுள்ள ஒரு தேக்கம் இருப்பதைக் கண்டது. எண்ணைப் பார்த்ததும் தலைப்புகள் அலறின. ஆனால் அந்த ஆய்வின்படி அதில் உருகிய பங்கு சுமார் 2 சதவீதம். அதற்கு மேலே இருக்கும் சிறிய தேக்கத்தில் சுமார் 9 சதவீதம். 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு மேல்தேக்கத்தில் 16 முதல் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. அப்போதும் மீதி எல்லாம் கெட்டிப் பாறைதான். ஈரமான கடற்பஞ்சு என்று சொல்லலாம், ஏரி என்று சொல்ல முடியாது.

கடலுக்குள் பிறந்து கண்டத்துக்கு அடியில் போன தட்டு

நீலத்துக்கும் ஒரு நல்ல கதை உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே கடலில் ஃபரலோன் என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரு பழைய கடல்தட்டுக்கு வைத்தார்கள். டைனோசர்கள் உலவிய காலத்திலிருந்தே அந்தத் தட்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அடியில் நுழைந்து நுழைந்து, பெரும்பாலும் காணாமலே போய்விட்டது. மிச்சமிருப்பது ஹுவான் டி ஃபூகா தட்டு போன்ற சில துண்டுகள்தான்.

போன தட்டு எங்கே? டெக்சாஸின் ஸ்டீவன் கிராண்ட் 1990-களில் எஸ் அலைகளை வைத்துப் படம் போட்டபோது, அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்கு அடியில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் கீழே, ஒரு நீண்ட நீலப் பலகை தெரிந்தது. கடலின் அடியில் குளிர்ந்த தட்டு, கோடிக்கணக்கான வருடம் மேன்டிலுக்குள் கிடந்தும் சுற்றியிருப்பதைவிட இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. பாறை வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் உள்வாங்கும். மற்றவர்கள் பி அலைகளை வைத்துத் தனியாகப் போட்ட படத்திலும் அதே இடத்தில் அதே பலகை. இரண்டு வேறு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் வழக்கு பலமாகிவிடும், இல்லையா?

அப்படியானால் சொட்டுவது எது?

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி இளசு. அங்கே பாறைக்கோளம் மெலிவு, கீழே சூடு. மத்தியப் பகுதியும் கனடாவின் பெரும்பகுதியும் முற்றிய நிலம். அங்கே பாறைக்கோளம் சுமார் 200 கிலோமீட்டர் ஆழம் வரை வேர் விட்டிருக்கிறது. இப்படி நூறு கோடி வருடங்களுக்கும் மேலாகப் பெரிதாக உருக்குலையாமல் நிற்கும் கண்டத்தின் பழைய பகுதிக்குக் கிரேட்டான் என்று பெயர். அலைவேகப் படத்தில் மேற்கு சிவப்பு, நடுவும் கிழக்கும் நீலம். ராக்கி மலைகளை ஒட்டி நிறம் மாறுவது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெளிவு.

இந்த வேரின் துண்டுகளை மனிதன் கையில் தொட்டிருக்கிறான் என்பது பலருக்குத் தெரியாது. வைரம் உருவாகும் ஆழம் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே. கிம்பர்லைட் என்ற ஒருவகை எரிமலைப் பாறை வைரத்தை மேலே கொண்டுவரும்போது வேரின் பாறைத்துண்டுகளையும் பிய்த்துக்கொண்டு வரும். வடமேற்குக் கனடாவில் 1998-இல் திறந்த எகாட்டி சுரங்கமும் அப்படி ஒரு பழைய கிரேட்டான் மேல்தான் இருக்கிறது. தூர இருந்து கேட்ட சத்தத்தையும் கையில் கிடைத்த கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இந்தத் துறையின் அதிர்ஷ்டம்.

2025 ஆய்வு சொன்னது இதுதான்: சிகாகோ இருக்கும், 'மிட்வெஸ்ட்' என்று அழைக்கப்படும் பகுதிக்கு அடியில், அந்தக் கிரேட்டானின் வேரிலிருந்து பாறை கீழே துளி போல இழுபட்டுத் தொங்குகிறது, வேர் மெலிந்துகொண்டிருக்கிறது. "துளி" என்றதும் தண்ணீரை நினைக்காமல் ஆஸ்திரேலியப் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். உருகாமல், கெட்டியாக இருந்தபடியே வழிகிறது. படத்திலும் அது நீலம்தான், சிவப்பு இல்லை. குளிர்ந்த வேர்தானே இறங்குகிறது! உருகிச் சொட்டுகிறது என்று பரப்பியவர்கள் தங்கள் கையில் இருந்த படத்தின் நிறத்தையே பார்க்கவில்லை.

ஏன் இழுபடுகிறது? ஆய்வாளர்கள் கைகாட்டுவது நாம் மேலே பார்த்த அதே ஃபரலோன் தட்டை. அது கிரேட்டானைத் தொடவில்லை, சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் கனத்த தட்டு மூழ்கும்போது சுற்றியிருக்கும் மேன்டிலையும் தன்னோடு இழுக்கும். குளத்தில் கல் மூழ்கினால் அருகில் மிதக்கும் பாசியும் அந்தப் பக்கம் நகருமே, அது மாதிரி. கணினி மாதிரியில் தட்டை வைத்துப் பார்த்தால் வேர் சொட்டியது, தட்டை எடுத்துவிட்டால் நின்றுவிட்டது. இந்த ஆய்வை எழுதியவர்களில், முப்பது வருடம் முன்பு அந்தத் தட்டைக் கண்ட ஸ்டீவன் கிராண்டும் ஒருவர்.

சிகாகோவில் இருக்கும் பையனுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இது கோடி வருடக் கணக்கில் நடக்கிற வேலை. வட சீனாவின் கிரேட்டான் இப்படி வேரில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் இழந்திருக்கிறது. அதன் மேல் இன்று பெய்ஜிங் நிற்கிறது.

படத்தை எந்த அளவுக்கு நம்புவது?

இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். தூரத்து நிலநடுக்கங்களின் அலைகள் கண்டத்துக்கு அடியிலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே வருகின்றன. எல்லா பஸ்ஸும் ஒரே நெடுஞ்சாலையில் வந்தால் நெரிசல் எந்த ஊரில் என்று சொல்வது கஷ்டம் இல்லையா? அது போல, அலை வேகமாக ஓடும் ஒரு கட்டி 200 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால் படத்தில் அது 400 கிலோமீட்டர் வரை இழுவிப் பூசினாற்போல் தெரியலாம். "சொட்டுகிறது" என்ற செய்தியைப் படித்ததும் துறையில் இருப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்: அது துளியா, பூச்சா?

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கணினியில் பூமிக்குள் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக வேகமும் மெதுவுமாக மாற்றி வைத்து, அதில் அலைகளை ஓட்டி, வரும் தாமதங்களை வைத்துப் படத்தைத் திரும்ப வரையச் சொல்வார்கள். கட்டங்கள் ஒழுங்காகத் திரும்பி வந்தால் அந்த இடத்தில் படத்தை நம்பலாம். ஒன்றோடொன்று கலங்கி வந்தால் அங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, பதிவிலிருந்து இன்னும் அதிகமாகக் கறப்பது. பழைய முறை அலை வந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். மிருதங்கத்தில் அடி எப்போது விழுந்தது என்று மட்டும் கவனிப்பது மாதிரி. அந்த அடியின் நாதம் முழுவதையும் கேட்டால் வார் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதுகூடத் தெரியும். அப்படி அலையின் நெளிவு முழுவதையும் கணினியில் உருவாக்கி, பதிவோடு பொருந்தும் வரை பூமியின் மாதிரியைத் திருத்திக்கொண்டே போவதற்கு முழு அலைவடிவ டோமோகிராஃபி என்று பெயர். 2025 ஆய்வு பயன்படுத்தியது இதைத்தான்.

இதற்கு எக்கச்சக்கமான கணினித் திறன் வேண்டும். யு.எஸ்.அரேயின் தொட்டிகள் வயல்களில் புதைந்திருந்த காலத்தில் இதை ஒரு கண்டம் முழுவதற்கும் செய்வது லேசான வேலையாக இருக்கவில்லை. இன்று தொட்டிகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டி எடுத்து, குழியை மூடி, விவசாயி அதன் மேல் சோளம் விதைத்தும் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு இரண்டு வருடப் பதிவுகள் அப்படியே பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் பெரியம்மாவைப் பயமுறுத்திய படமும் அந்தக் குழிகளிலிருந்து வந்ததுதான்.